சக்கர நாற்காலியிலிருந்து கடலுக்கு எத்தனை அடி?

கேள்வி: மேடம், எனக்கு வயது 32. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தேன். நான்கு வருடத்துக்கு முன் பைக் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டது. டி10, அதாவது மார்புப் பகுதி முதுகெலும்பில் பத்தாவது மட்டம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. சக்கர நாற்காலியில்தான் இருக்கிறேன். அதே பட்டறையில் இப்போது கணக்கு பார்க்கிறேன். சைடு வீல் வைத்த ஸ்கூட்டரில் நானே போய் வருகிறேன். போன தை மாதம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போனோம். எல்லோரும் கடலில் குளித்தார்கள், நான் வேனில் உட்கார்ந்திருந்தேன். ஆறு வயது மகள் வாட்டர் பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்து வந்து என் காலில் ஊற்றினாள். அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. என்னைப் போன்றவர்கள் அலைச்சறுக்கு, ஸ்கூபா, பாராகிளைடிங் எல்லாம் செய்வதை வீடியோவில் பார்க்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு கொல்லிமலையின் எழுபது வளைவையும் பைக்கில் ஏறியவன் நான். நான் கடலில் இறங்க முடியுமா? மலைக்குப் போக முடியுமா? அம்மா 'இருக்கிற உசுரைக் காப்பாத்திக்கோடா' என்கிறார்.

பதில்:

அன்புள்ள தம்பி,

மகள் ஊற்றிய தண்ணீர் சில்லென்று இருந்ததா, வெதுவெதுப்பாக இருந்ததா என்று உங்கள் காலுக்குத் தெரிந்திருக்காது. நான் சொல்லப்போவது பெரும்பாலும் அதைச் சுற்றித்தான்.

முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். கடலில் இறங்கலாம். இந்த வருடம் நீச்சல் குளம், அடுத்த மாசி, பங்குனியில் கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொல்லிமலைக்கும் போகலாம், ஆனால் அந்த ஸ்கூட்டரில் வேண்டாம். வீடியோவில் பார்த்த மற்றவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களோடு இயன்முறை மருத்துவராக இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். வெளியே கிளம்ப ஆசைப்பட்டு, கிளம்ப முடியாமல் போனவர்கள் பலரைத் தெரியும். பயத்தால் நின்றவர்கள் அதில் மிகக் குறைவு. லாட்ஜ் பாத்ரூம் கதவுக்குள் நாற்காலி நுழையாமல் திரும்பியவர்கள் உண்டு. புட்டத்தில் புண் வந்து மூன்று மாதம் குப்புறப் படுத்தவர்கள் உண்டு. தூக்கத் தெரியாதவர்கள் தூக்கி, தோள் நரம்பு இழுத்துக்கொண்டவர்கள் உண்டு. தோல், சிறுநீர், தூக்கும் முறை. இந்த மூன்றும் உங்கள் கைக்குள் வந்துவிட்டால் கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. துணிச்சல் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு என் யோசனை தேவையில்லை.

இந்த மூன்றையும் நான் சும்மா பெரிதாக்கவில்லை. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டார். அதற்கு முன்பெல்லாம் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் இறந்துபோனார்கள். அவர் செய்த முதல் வேலை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் விடாமல், ஒவ்வொருவரையும் திருப்பிப் படுக்க வைத்தது. புண் ஆறி உட்கார்ந்த பிறகுதான் கையில் வில் கொடுத்தார். 1948 ஜூலை 29 அன்று 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். இன்றைய பாராலிம்பிக்ஸ் அங்கிருந்து வளர்ந்ததுதான். நம் ஊரிலும் வேலூர் சிஎம்சியின் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-ல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். நம் நாட்டில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு வழி போட்டவர்களில் அவரும் ஒருவர்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவில் இருந்த சிலரை ஒகேனக்கல்லுக்கு அழைத்துப் போனோம். உங்களைப் போலவே டி10, டி11 மட்டத்தில் அடிபட்ட ஒரு பையன். பரிசலில் போக வேண்டும் என்றான். நான்கு பேர் சேர்ந்து தூக்கிப் பரிசலின் அடியில் உட்கார வைத்தோம். லைஃப் ஜாக்கெட் போட்டோம், கயிறு பார்த்தோம், தண்ணீர் வேகம் பார்த்தோம். அவனுடைய குஷன் நனைந்துவிடும் என்று நாற்காலியிலேயே விட்டுவிட்டு, ஒரு துண்டை மடித்துப் போட்டோம். முக்கால் மணி நேரம். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நானும் எதையும் யோசிக்கவில்லை. இரவு திருப்பிப் பார்த்தபோது, உட்கார்கிற எலும்புக்கு நேரே, மூங்கில் பட்டையின் அகலத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. விரலால் அழுத்தினேன். வெளுக்கவில்லை. மறுநாள் கறுத்தது, அடுத்த வாரம் உடைந்தது. பதினொரு வாரம் குப்புறப் படுத்திருந்தான். அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்தக் கோட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

அதனால்தான் கேட்கிறேன், இரவில் கண்ணாடி வைத்துப் புட்டத்தையும் குதிகாலையும் பார்க்கும் பழக்கம் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டாலோ, அரை மணி நேரத்தில் சிவப்பு போகாவிட்டாலோ அந்த இடத்தில் உட்காரக் கூடாது, பயணம் தள்ளிப் போகிறது, அவ்வளவுதான். திறந்த புண் இருந்தால் குளமும் இல்லை, கடலும் இல்லை. வேனில் போகும்போதும் உங்கள் நாற்காலிக் குஷன் உங்கள் கீழேயே இருக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை முன்பக்கம் நன்றாகக் குனிந்து ஒன்றிரண்டு நிமிடம் இருங்கள். வேன் ஓடும்போது பெல்ட்டைக் கழற்றிக் குனிவது ஆபத்து. ஆகவே ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி வண்டியை அடிக்கடி நிறுத்தச் சொல்லுங்கள். பின்பாக்கெட் வைத்த ஜீன்ஸ் வேண்டாம். அதன் பொத்தானும் தையலும் போதும், புண் போட.

வெயிலில் காய்ந்த மணல் உங்கள் காலைச் சுட்டுக் கொப்புளம் போட்டாலும் தெரியாது. வேனின் இரும்புத் தரையும் அப்படித்தான். கெட்டியான சாக்ஸும் தண்ணீரில் போடும் ரப்பர் ஷூவும் போட்டுக்கொண்டே இறங்குங்கள், ஏறுங்கள்.

சிறுநீர் விஷயம். நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பயணம் என்றதும் எல்லோரும் செய்கிற ஒரு தப்பு, தண்ணீரே குடிக்காமல் கிளம்புவது. அதுதான் தொற்றுக்கு வாசல். வழக்கம்போலக் குடியுங்கள். நேரத்துக்கு எடுங்கள். கணக்குக்கு மேல் இரண்டு மடங்கு டியூப் எடுத்துச் செல்லுங்கள். வேனில் ஒரு பக்கம் திரை கட்டி, கை கழுவ சோப்பும் தண்ணீரும் வைத்துவிட்டால், வழியில் யாருடைய கழிப்பறையையும் நம்பி இருக்க வேண்டாம். மலம் கழிக்கும் நேரத்தைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே காலையிலா இரவிலா என்று நிலைப்படுத்திவிடுங்கள். தண்ணீரில் இறங்கும் முன் இரண்டும் முடிந்திருக்க வேண்டும்.

லாட்ஜுக்கு போன் செய்யும்போது 'வீல்சேர் போகுமா?' என்று கேட்காதீர்கள். 'போகும் சார், தாராளமா வாங்க' என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, வாசலை மட்டும் நினைத்துச் சொல்கிறார்கள். பாத்ரூம் கதவின் குறுக்கே டேப்பை நீட்டிப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வாசலிலிருந்து அறை வரை எத்தனை படி என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டா, பக்கத்தில் நாற்காலி நிற்க இடம் உண்டா என்பதையும் கேளுங்கள். உங்கள் நாற்காலியின் அகலத்தை, கைப்பிடி வளையத்தோடு சேர்த்து, இன்றைக்கே அளந்து போனில் குறித்து வையுங்கள். நம் ஊர் லாட்ஜ்களில் பாத்ரூம் கதவு பெரும்பாலும் அறைக் கதவைவிடக் குறுகல். அதற்காக, மடிக்கிற குறுகலான கமோடு நாற்காலி ஒன்றைக் கூடவே எடுத்துப் போகிறவர்கள் உண்டு. நல்ல வழி.

சரி, மூன்றாவது. உங்களை யார் தூக்கினாலும் சொல்கிறவர் நீங்களாக இருக்க வேண்டும். கடற்கரையில் உதவ வருபவர்களுக்குக் குறைவே இருக்காது. நாலு பேர் ஓடி வந்து, ஆளுக்கொரு கையையும் காலையும் பிடித்து 'தூக்கு தூக்கு' என்பார்கள். அந்த நிமிடத்தில்தான் அடிபடுகிறது. 'நில்லுங்கண்ணே. நீங்க பின்னாடி வாங்க, என் அக்குள் வழியா கையை விட்டு என் முன்கையைப் பிடிங்க. தம்பி, நீ ரெண்டு முழங்காலையும் சேர்த்துக் கீழேயிருந்து பிடி. நான் மூணு சொன்னதும் தூக்குங்க.' இதைக் கூச்சமில்லாமல், சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். வீட்டில் மனைவியோடும் மச்சானோடும் மெத்தையில் பத்து முறை செய்து பாருங்கள். நான்கு வருடமாக எடை தாங்காத கால் எலும்பு வலுவிழந்திருக்கும். சின்ன முறுக்கலிலேயே உடையலாம், வலியும் தெரியாது. பயணம் முடிந்து வந்தபின் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ சூடாக இருந்தாலோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். எலும்பு முறிவாகவும் இருக்கலாம், காலில் ரத்தம் கட்டியதாகவும் இருக்கலாம். அப்புறம் உங்கள் தோள். இனி வாழ்நாள் முழுக்க உங்கள் எடையைச் சுமக்கப்போவது அதுதான். யாரும் கையைப் பிடித்து இழுக்க விடாதீர்கள்.

இப்போது தண்ணீருக்கு வருவோம்.

தண்ணீரில் உங்கள் உடம்பு பழைய உடம்பு மாதிரி மிதக்காது. சதை வற்றிய கால்கள் மேலே எழும்பும். இடுப்பு தன் விருப்பத்துக்கு ஒரு பக்கம் உருளும். கண் மூடித் திறப்பதற்குள் முகம் தண்ணீருக்குள் இருக்கும். அதனால் நீந்தக் கற்பதற்கு முன், குப்புற விழுந்தால் மல்லாக்கத் திரும்புவதைக் கற்க வேண்டும். ஜேம்ஸ் மெக்மில்லன் என்பவர் 1949-ல் லண்டனில் ஹாலிவிக் பள்ளியில் படித்த மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கத் தொடங்கி, பிறகு அதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். ஹாலிவிக் முறை என்றே அதற்குப் பெயர். முதலில் தண்ணீரில் முகம் வைத்து மூச்சை ஊதுவது, அடுத்து தலையையும் கையையும் மட்டும் வைத்து உருண்டு திரும்புவது, கடைசியில்தான் கையால் தள்ளி முன்னே போவது. மிதவை எதையும் கட்டிக்கொள்ளாமல், ஆளுக்கு ஒரு துணையோடு கற்பது அதன் வழக்கம். இந்த முறை தெரிந்த இயன்முறை மருத்துவர் உங்கள் பக்கம் இருக்கிறாரா என்று, சிகிச்சை பெற்ற இடத்தில் கேளுங்கள். யாரும் இல்லையென்றால், நீச்சல் பயிற்சியாளர் ஒருவரும் மச்சானும் போதும். கூட்டம் இல்லாத நேரம், மார்பளவு ஆழம், இரண்டு பேர். முகம் தண்ணீரில் இருக்கும்படி உங்களை விட்டால், உதவியில்லாமல் பத்து முறைக்குப் பத்து முறை திரும்பி மூச்சு வாங்குகிற நாள் வரைக்கும் கடலைப் பற்றிப் பேச வேண்டாம். இரண்டு மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம்.

குளத்தின் விளிம்பில் யோகா மேட்டை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துதான் இறங்க வேண்டும். சிமெண்ட் தரையில் கால்விரல் உரசித் தோல் போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது, தண்ணீரில் ரத்தம் தெரிந்த பிறகுதான் கண்டுபிடிப்போம். அதற்கும் அந்த ரப்பர் ஷூதான் மருந்து.

குளத்தைக் கடலுக்கு முந்திய படி என்று மட்டும் நினைக்க வேண்டாம். சென்னையில் மாதவி லதா என்பவர், சிறுவயதிலேயே போலியோ வந்தவர், உடம்பு வலிக்காகத் தண்ணீரில் இறங்கினார். அது நீச்சலாகி, தேசிய அளவில் பாரா நீச்சல் போட்டி வரை போனார். இந்திய சக்கர நாற்காலிக் கூடைப்பந்துச் சம்மேளனத்தைத் தொடங்கி நடத்துகிறவர்களில் முக்கியமானவரும் அவர்தான். உங்கள் தோளில் வெல்டிங் வேலை செய்த வலு இருக்கிறது. தண்ணீர் உங்களுக்குப் பிடித்துப்போனால் அது எங்கே கொண்டுபோகும் என்று இப்போதே சொல்ல முடியாது.

கடல் என்றால் எந்தக் கடல்? இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. மெரினாவில் 2022 நவம்பரில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டார்கள். அதற்கு முன் பல வருடம், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள். நிரந்தரமாக வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளே விடாமல் கேட்டு வாங்கியது இது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் கடல் பக்கத்து நுனி உடைந்தது, சரிசெய்தார்கள். பெசன்ட் நகரிலும் பிறகு ஒன்று வந்தது. சென்னைக்கு வந்தால் மகளோடு அந்தப் பாதையின் நுனி வரை கட்டாயம் போய் வாருங்கள். யாரும் தூக்காமல், உங்கள் கையால் சக்கரத்தைத் தள்ளி அலை பக்கத்தில் போய் நிற்பது வேறு அனுபவம். ஆனால் மெரினா இறங்கிக் குளிக்கும் கடல் அல்ல. கரையிலேயே அலை உடைந்து இழுக்கும், கால் நன்றாக இருப்பவர்களையே கொண்டுபோகும்.

நீங்கள் தேடுகிற கடல் நீங்கள் வேனில் உட்கார்ந்து பார்த்த கடல்தான். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தப் பக்கம் பாக் நீரிணை. ஆழம் குறைவு, அலையும் பெரும்பாலான நாட்களில் குளம் மாதிரி இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிற ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். மாசி, பங்குனியில், அமாவாசை, விசேஷ நாள் இல்லாத ஒரு புதன், வியாழனில், சூரியன் ஏறுவதற்கு முன்பு போங்கள். முதல் நாள் மச்சானை மட்டும் அனுப்பி, அடியில் கல் இல்லாத மணல் தரை எங்கே இருக்கிறது, இடுப்பளவு ஆழம் எத்தனை அடியில் வருகிறது என்று நடந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளூர் மீனவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அன்றைய நீரோட்டத்தைப் பார்த்து அவர் 'இன்னைக்கு வேண்டாம்' என்றால் வேண்டாம்.

மணலைத் தாண்டுவது எப்படி? சாதாரண நாற்காலியின் முன்சக்கரம் மணலில் புதையும். நாற்காலியைப் பின்பக்கம் சாய்த்து, முன்சக்கரத்தைத் தூக்கி, பெரிய சக்கரத்தில் மட்டும் உருளும்படி பின்னோக்கி இழுத்தால் நகரும். இரண்டு பேர் வேண்டும். இதற்கு உங்கள் நல்ல நாற்காலியை எடுக்காதீர்கள், உப்பு பேரிங்கைத் தின்றுவிடும். பழைய ஆஸ்பத்திரி நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

கடற்கரைக்கென்றே பருத்த பலூன் டயர் வைத்த நாற்காலிகள் உண்டு. எடை அகலமாகப் பரவுவதால் மணலில் புதையாது. நீங்கள் வெல்டர், பட்டறையில் ஆள் இருக்கிறது, அதனால் இதைச் சொல்கிறேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் ஒரு சட்டம், அகலமான டயர் மூன்றோ நான்கோ, காற்று குறைவாக. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அளவு சொன்னால் செய்துவிடுவார்கள். பற்றவைத்த இடத்தின் பிசிறு ஒன்றுகூட உட்காரும் பக்கம் இருக்கக் கூடாது, ராவி எடுத்து ரெக்சின் சுற்றுங்கள். உங்கள் எடைக்கு மணல் மூட்டை வைத்து, ஏதாவது ஆற்றுமணலில் இழுத்துப் பாருங்கள். ஒன்று முக்கியம். காற்றடைத்த டயர் தண்ணீரில் மிதக்கும், அலை வந்தால் நாற்காலியோடு கவிழ்க்கும். எனவே அது தண்ணீர் விளிம்பு வரைக்கும் மட்டும். அங்கே உங்களைத் தூக்கி இறக்கிவிட்டு நாற்காலியைக் கரைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். பெல்ட் போட்டபடி தண்ணீருக்குள் போகவே கூடாது.

லாரி டியூப் போட்டு மிதக்கலாமா என்ற யோசனை உங்கள் ஊர்க்காரர்களுக்கு வராமல் இருக்காது. வேண்டாம். கால் பிடிமானம் இல்லாததால் நடு ஓட்டை வழியாக வழுக்கிக் கீழே போய்விடுவீர்கள். காற்றடிக்கும் வால்வு முதுகைக் கீறும், வெயிலில் ரப்பர் சுடும். நல்ல லைஃப் ஜாக்கெட் போதும், அதையும் முதலில் குளத்தில் போட்டுப் பாருங்கள். கால் மேலே வரும் உடம்பைச் சில ஜாக்கெட்டுகள் குப்புறத் தள்ளும். முகத்தை வானம் பார்க்க வைக்கிற ஜாக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் நாள் பத்து நிமிடம் போதும். ஒருவர் தலைப்பக்கம், ஒருவர் கடல் பக்கம்.

ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போனால், உங்கள் சலுகைச் சான்று இருந்தால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் உங்களுக்கும் துணைக்கு வருபவருக்கும் 75 சதவீதம் கட்டணச் சலுகை உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் கதவும் கழிப்பறையும் அகலம். அது நிற்கும் இடத்தை முன்பே விசாரித்து அங்கே போய்க் காத்திருங்கள்.

இனி மலை. உங்கள் ஸ்கூட்டரில் எழுபது வளைவு வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பைக் வளைவில் சாயும், நீங்களும் அதோடு சாய்ந்தீர்கள். சைடு வீல் வண்டி சாயாது. வளைவில் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். அதைப் பிடித்து நிறுத்தும் இடுப்புத் தசை உங்களுக்கு வேலை செய்யவில்லை. ஏறும்போது தப்பித்தாலும் இறங்கும்போது பிரேக் சூடேறி ஆபத்தாகும். காரில் போங்கள், மார்புக்குக் குறுக்கே அகலமான பெல்ட் போட்டு, குஷனோடு. பிறகு கையாலேயே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் இயக்கும்படி மாற்றிய கார் வாங்கி, அதற்கான லைசென்ஸ் எடுத்தால் நீங்களே ஓட்டலாம். அதை உங்களுக்கு நான் மனதாரச் சொல்வேன், வளைவு ஏறும் சந்தோஷம் தெரிந்தவர் நீங்கள். சீக்குப்பாறைக் காட்சிமுனை, வாசலூர்ப்பட்டி படகுத்துறை இரண்டுக்கும் முதலில் மச்சானை அனுப்பி, வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை படி, எவ்வளவு சரிவு என்று வீடியோ எடுத்து வரச் சொல்லுங்கள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படி. அங்கே போவதென்றால் ஆளைத் தூக்கித்தான் போக வேண்டும். ஈரப் படியில் ஒருவர் வழுக்கினால் எல்லோரும் விழுவீர்கள். அந்த அருவிக்கு என் பதில் 'வேண்டாம்'தான். எழுதும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பிரான்சில் 1987-ல் ஜோயல் க்ளோடல் என்ற மலை வழிகாட்டி, தசைநோய் வந்த தன் உறவுக்காரப் பையனை மலைக்கு அழைத்துப்போக ஒற்றைச் சக்கர நாற்காலி ஒன்றைச் செய்தார். ஜோலெட் என்பார்கள். நம் சபரிமலை டோலி மாதிரி முன்னும் பின்னும் ஆள் பிடித்துப் போவது. எடையைச் சக்கரம் தாங்கும், ஆட்கள் சமநிலையும் இழுப்பும் மட்டும் பார்த்துக்கொள்வார்கள். ஒற்றையடிப் பாதையில், வேர், கல் மேலெல்லாம் போகும். நம் மலைகளில் வனத்துறை ஒரு சில இடத்திலாவது இதை வாங்கி வைக்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. ஆள் பலமும் திட்டமும் இருந்தால் எது வரை போகலாம் என்பதற்கு 2021 செப்டம்பரைச் சொல்வேன். மாற்றுத்திறனாளிகள் எட்டுப் பேர், முன்னாள் சிறப்புப் படை வீரர்களின் துணையோடு, சியாச்சின் பனியாற்றில் 15,632 அடி உயரத்தில் இருக்கும் குமார் போஸ்ட் வரை ஏறினார்கள். பல மாதப் பயிற்சிக்குப் பிறகு.

வீடியோவில் பார்த்தவற்றில் ஸ்கூபா உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. தண்ணீருக்கடியில் எடை கிடையாது, கால் வேலையைக் கை செய்யும். உலகில் இதற்கென்று இருக்கும் ஒரு பயிற்சி முறையில் மாற்றுத்திறனாளிகளை மூன்று நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலைக்கு ஒரு துணை, இரண்டாவதற்கு இரண்டு பேர், மூன்றாவதற்கு இரண்டு பேரில் ஒருவர் மீட்புப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். உங்களை அழைத்துப் போகிறவரிடம் 'முதுகுத்தண்டு அடிபட்டவரை இதுவரை இறக்கியிருக்கிறீர்களா, எத்தனை துணை தருவீர்கள்?' என்று கேளுங்கள். மழுப்பினால் வந்துவிடுங்கள். நுரையீரல், காது, காலில் ரத்தக்கட்டு வந்த வரலாறு, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான். அலைச்சறுக்கு, நீச்சல் நன்றாக வந்த பிறகு. குப்புறப் படுத்தோ உட்கார்ந்தோ சறுக்குகிறார்கள், 2015 முதல் உலகப் போட்டியே நடக்கிறது. பாராகிளைடிங்கில் பறப்பது சிரமமில்லை, தரை இறங்குவதுதான். புட்டத்தில் மோதும் ஒரு அடி போதும் உங்கள் எலும்புக்கு. எலும்பு வலு சோதனை செய்து பார்க்காமல் அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

இதை வேறு யாராவது, முதுகுத்தண்டில் டி6 மட்டத்திலோ அதற்கு மேலே கழுத்துப் பக்கமாகவோ அடிபட்டவர், படித்தால் ஒரு வார்த்தை. சிறுநீர்ப்பை நிரம்பினாலோ, பெல்ட் இறுகினாலோ, காலில் காயம் பட்டாலோ உங்களுக்கு ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். மண்டை தெறிக்கும் வலி, முகம் சிவப்பு, வியர்வை. உடனே நிமிர்ந்து உட்கார வையுங்கள், இறுக்கமானதைத் தளர்த்துங்கள், சிறுநீரை வெளியேற்றுங்கள், அடங்காவிட்டால் ஆஸ்பத்திரி. இதைக் கூட வருபவர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்காமல் நீங்கள் கிளம்பக் கூடாது.

அம்மாவை மறந்துவிடவில்லை. அவர் சொல்வது தப்பில்லை தம்பி. ஒரு முறை உங்களை இழக்கப் பார்த்தவர் அவர். அவரோடு வாதம் செய்யாதீர்கள். குளத்துக்குப் போகும் முதல் நாளே கூட அழைத்துப் போங்கள். கரையில் உட்கார்ந்து, நீங்கள் குப்புற விழுந்து தானாகத் திரும்பி மூச்சு வாங்குவதை அவர் கண்ணால் பார்க்கட்டும். கண்ணாடி வைத்துப் பார்க்கும் வேலை, குஷன் எங்கே இருக்கிறது என்று கவனிக்கும் வேலை இரண்டையும் அவரிடம் கொடுங்கள். இந்த மாதிரி வேலையில் அம்மாக்களை விடக் கறாரானவர்களை நான் பார்த்ததில்லை.

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் உடம்பைக் கழுவி, தொடை இடுக்கு, விரல் இடுக்கு ஈரம் போகத் துடையுங்கள். நாற்காலியையும் கழுவி, காயவைத்து, பேரிங்குக்கு எண்ணெய் விடுங்கள். அன்று இரவு கண்ணாடியை மறக்காதீர்கள்.

மகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று உங்கள் கால் சொல்லாது. நீங்கள் இறங்குவதற்கு முன் அவள் போய்க் கையை விட்டுப் பார்த்து, சில்லென்று இருக்கிறதா, வெதுவெதுப்பா, அடியில் சிப்பி குத்துகிறதா என்று வந்து சொல்ல வேண்டும். அவள் 'சரிப்பா, வா' என்ற பிறகு இறங்குங்கள்.